வார்டுக்கு வெறுங்கையோடு வரலாகாது

அப்பாவின் முதல் ஆண்டு நினைவு நாளுக்கு வந்து, இந்தச் சிறு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் என் பணிவான வணக்கம். அப்பாவின் வியாபாரத்தைப் பற்றியும் கோயில் காரியங்களைப் பற்றியும் அண்ணன் முன்பக்கங்களில் எழுதியிருக்கிறார். "ஆஸ்பத்திரி விஷயத்தை நீதான் எழுதணும். நீதானே உள்ள படுத்திருந்தே" என்று என்னிடம் சொல்லிவிட்டார். பள்ளிக்கூடத்தில் கட்டுரைக்குப் பரிசு வாங்கியது வேறு, அப்பாவைப் பற்றி எழுதுவது வேறு என்று இரண்டு நாள் தயங்கினேன். எழுத உட்கார்ந்தால் அழுகைக்கு முன்னால் சிரிப்பு வருகிறது. இது முறைதானா என்று அம்மாவைக் கேட்டேன்.

"உங்கப்பாவைப் பத்தி அழுகையா எழுதினா, இது யாரைப் பத்தின்னு ஊர்ல கேப்பாங்க" என்றார் அம்மா.

ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். பிழை இருந்தால் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அப்பா கோட்டுச்சேரிக்கு மேற்கே ஒரு சிறு கிராமத்தில், நெல் பயிரிடும் குடும்பத்தில் மூன்றாவது பிள்ளையாகப் பிறந்தார். நிலம் கொஞ்சம், பங்காளிகள் அதிகம். தகப்பனார் சீக்கிரமே காலமானதால், மீசை அரும்பும் வயதிலேயே வெளியூர் அரிசி மண்டி ஒன்றுக்கு வேலைக்குப் போனார். மூட்டை தூக்கினார், தராசு பிடித்தார், பிறகு கணக்கும் பழகிக்கொண்டார். அங்கே இருக்கும்போதுதான் அவருக்கு விஷ ஜுரம் கண்டது. அந்த ஊர் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

அந்தக் காலத்தில் நோயாளிக்குச் சாப்பாடு வீட்டிலிருந்துதான் வரவேண்டும். அப்பாவுக்கு மண்டி முதலாளி வீட்டிலிருந்து கஞ்சி வந்தது. பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் தூரத்து ஊர்க்காரர். அவருக்கென்று யாரும் இல்லை. யாராவது மனம் இரங்கிக் கொடுத்தால் குடிப்பார். ஜுரம் அவருக்குத்தான் முதலில் விட்டது. ஆனாலும் அவர் எழுந்திருக்கவில்லை. "காய்ச்சல் அந்த மனுஷனை விட்டுட்டுப் போயிடுச்சு. பசிதான் கொண்டுபோயிடுச்சு" என்று அப்பா சொல்லுவார். வேடிக்கை கலக்காமல் அப்பா சொல்லி நான் கேட்டது அந்த ஒன்றுதான்.

அதே ஆஸ்பத்திரியைப் பற்றி வேடிக்கையாகவும் ஒன்று சொல்லுவார். தேறி வரும் நாளில், கண்ணை மூடிப் படுத்தபடி, பிழைத்து வீடு போனால் தின்ன வேண்டியவற்றை வாய்விட்டு வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தாராம். ஜன்னி கண்டுவிட்டது என்று பயந்து நர்ஸ் ஓடிவந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்திருக்கிறார். "ஜன்னி இல்லேம்மா, கருவாட்டுக் குழம்பு" என்றாராம் அப்பா.

பிறகு காரைக்கால் வந்து சொந்தமாகச் சின்ன அரிசி மண்டி வைத்தார். அம்மாவை மணந்து தலத்தெருவில் குடியேறினார். அண்ணனும் நானும் பிறந்தோம். கடையில் நஷ்டம் வந்த வருஷங்களும் உண்டு. யுத்த காலத்தில் அரிசியே கண்ணில் படாத மாதங்களும் உண்டு. அவற்றையெல்லாம் அண்ணன் எழுதிவிட்டதால் நான் நேரே அன்ன சபைக்கு வருகிறேன்.

பிரெஞ்சுக்காரர்கள் கொடியை இறக்கிக்கொண்டு போவதற்கு முன்பே அப்பாவும் மரைக்காயர் மாமாவும் சேர்ந்து அதை ஆரம்பித்துவிட்டார்கள். மரைக்காயர் மாமா அப்பாவின் பால்ய சிநேகிதர். கப்பல் வியாபாரக் குடும்பம். பெரிய ஆஸ்பத்திரிக்குப் பின்பக்கத் தெருவில் அவருக்கு ஒரு சரக்குக் கிட்டங்கி சும்மா கிடந்தது. அதில் அடுப்பு போட்டார்கள். அரிசி அப்பாவுடையது; விறகும் பாத்திரமும் மாமாவுடையது. சபைக்கு "நோயாளர் அன்ன சபை" என்று பெயர் வைத்தார்கள். ஊரார் சுருக்கமாகக் கஞ்சிச் சபை என்றார்கள். அப்பாவுக்குக் கஞ்சி முதலாளி என்று பெயர் விழுந்தது. அப்பாவுக்கு அதில் பரம சந்தோஷம்.

முதலில் எல்லாருக்கும் ஒரே கஞ்சிதான். ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்த டாக்டர்தான் அதை மாற்றினார். புதுச்சேரியில் படித்தவர், பழைய ஆட்கள் மாதிரி அப்பாவும் அவரைப் பிரெஞ்சு மரியாதையில் "முசே" என்றுதான் கூப்பிடுவார்.

"ஐயா, நீங்க வயித்தை ரொப்பறீங்க. நான் உடம்பைத் தேத்தணும்" என்றாராம் டாக்டர். "வீங்கிப் படுத்திருக்கறவருக்கு உப்பில்லாம வேணும். ரத்தமில்லாத பொம்பளைக்கு முட்டை, கீரை வேணும். சர்க்கரை வியாதிக்காரருக்கு இவ்வளவு அரிசி ஆகாது. மருந்து மாதிரியே சோத்தையும் நான் ஆளுக்கு ஆள் எழுதித் தர்றேன். அதே மாதிரி ஆக்க முடியுமா?"

"ஆக்கறதுக்கு என்னங்க முசே, நீங்க எழுதுங்க" என்றார் அப்பா. கிட்டங்கிக்குத் திரும்பியதும் மரைக்காயர் மாமாவிடம், "நாலு அண்டா போறாது மரைக்காயரே, நாப்பது சட்டி வேணும்" என்று சொல்லித் தலையில் கை வைத்துக்கொண்டாராம்.

ஆனால் செய்தார்கள். ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு தூக்குப் பாத்திரம், அதன் மேல் கட்டில் எண். உப்பில்லாதது, பால் சேர்த்தது, பருப்பு குழைத்தது, முட்டை வைத்தது என்று தனித்தனி. நோயாளிகள் தேறி எழுந்து போவதைப் பார்த்து டாக்டருக்கே ஆச்சரியம். அப்போதுதான் ஒரு சங்கடம் வந்தது. வயிற்றுப் புண்ணுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த ஒருவருக்கு மைத்துனர் வீட்டிலிருந்து ஒரு சம்புடம் முறுக்கு வந்தது. அவர் போர்வைக்குள் ஒளித்து வைத்துத் தின்று, மறுபடியும் சுருண்டு படுத்துவிட்டார். டாக்டர் கோபித்துக்கொண்டார். சபை கூடிப் பேசி ஒரு விதி செய்தது: வெளிச் சாப்பாடு எதுவும் வார்டுக்குள் வரக்கூடாது. வாசலில் பலகை எழுதி மாட்டினார்கள். காவல்காரர் வருகிறவர்களின் கூடையையும் தூக்கையும் வாங்கி வைத்துக்கொண்டுதான் உள்ளே விடுவார். அந்த விதியை எழுதியதும் அப்பாதான். அதில் அவருக்கு ஒரு பெருமையும் இருந்தது.

இனி என் கதை. அப்பாவின் மலரில் என்னைப் பற்றி இவ்வளவு எழுதலாமா என்று அண்ணனைக் கேட்டேன். "உன்னை விட்டுட்டு அதை எப்படிச் சொல்லுவே?" என்றார்.

தலைப்பிரசவத்துக்கு நான் கோவில்பத்திலிருந்து தாய் வீட்டுக்கு வந்திருந்தேன். வலி எடுத்து நெடுநேரமாகியும் பிள்ளை பிறக்காததால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பெண் குழந்தை பிறந்தது. எனக்கு மறுநாளே ஜுரம். ஜுரம் விட்ட பிறகும் தலை தூக்க முடியாத பலவீனம். "இன்னும் கொஞ்ச நாள் இங்கயே இருக்கட்டும். நல்லா சாப்பிடணும். பால் ஊறணும். புள்ளை ரொம்பச் சின்னது" என்று டாக்டர் சொன்னார். பருப்பு, கீரை, முட்டை, மோர், பழம், பால் என்று எனக்கு எழுதிக் கொடுத்தார். சபைத் தூக்கு வேளை தவறாமல் வந்தது. அப்பாவே கொண்டுவந்து வைப்பார்.

நான் சாப்பிடவில்லை. சாப்பிடக் கூடாது என்று பிடிவாதம் எதுவும் இல்லை. பயம்தான்.

பிள்ளை பெற்றவளைப் பார்க்க வராத உறவு உண்டா? வந்தவர்கள் எல்லாரும் பெரியவர்கள், பிள்ளை பெற்று வளர்த்தவர்கள். முதலில் வந்தது பக்கத்து வீட்டுச் சித்தி. தூக்கைத் திறந்து பார்த்தார்.

"பருப்பா? ஐயையோ, பச்சை உடம்புக்காரி பருப்பு திங்கலாமா? புள்ளைக்கு வாயு புடிச்சுக்கும்."

நான் பருப்பை நிறுத்தினேன். அடுத்து வந்த பெரியம்மா, "வாழைப்பழம் சளி" என்றார். பழத்தை நிறுத்தினேன். கீரை தின்றால் பிள்ளைக்கு வயிறு போகும் என்று ஒருவர். முட்டை மாந்தம் என்று ஒருவர். மோர் குளிர்ச்சி என்று ஒருவர். என் மாமியார் வந்து பார்த்து, "தண்ணியைக் கொறைச்சுக்கம்மா. வயிறு ஊதிப்போயிடும்" என்றார். எல்லாரும் என் குழந்தை நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் சொன்னார்கள். ஒருவர் சொன்னதைக் கேட்டு இன்னொருவர் சொன்னதை விட்டு, அதனாலேயே குழந்தைக்கு ஏதாவது வந்துவிட்டால்? யார் சொன்னது சரி என்று எனக்கு எப்படித் தெரியும்? அதனால் எல்லாவற்றையும் கேட்டேன். கடைசியில் என் தட்டில் மிஞ்சியது ரசம் ஊற்றிய சோறும் சுட்ட பூண்டும்தான். சுட்ட பூண்டை மட்டும் யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

குழந்தை பால் குடிக்க ஆரம்பிக்கும். கொஞ்ச நேரத்தில் அலுத்துத் தூங்கிவிடும். சாதுவான குழந்தை என்று பார்த்தவர்கள் மெச்சினார்கள். டாக்டர் மெச்சவில்லை. தராசில் வைத்துப் பார்த்துவிட்டு என் கட்டிலுக்கு வந்தார்.

"ஏம்மா, பொறந்தப்ப இருந்ததைவிடக் கொறைஞ்சிருக்கு. இப்படியே போனா தாங்காது. தூக்குல வர்றதை என்ன பண்றே?"

நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"மருந்து எழுதினா மறுபேச்சுப் பேசாம முழுங்கறீங்க. சோறு எழுதினா மட்டும் ஏன் ஊரைக் கேக்கறீங்க?"

அன்று மாலை அப்பா வந்தபோது டாக்டர் அவரிடமும் சொல்லிவிட்டார் என்பது முகத்திலேயே தெரிந்தது. அப்பா என்னைத் திட்டவில்லை. குழந்தையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு வராந்தாவில் இங்குமங்கும் நடந்தார். மண்டியில் அவரைக் கேலி செய்கிறார்கள் என்று அண்ணன் முன்பே சொல்லியிருந்தார். "ஊருக்கெல்லாம் ஊட்டுறாரு கஞ்சி முதலாளி, சொந்தப் பொண்ணு பட்டினி" என்று பேச்சாம். அப்பாவுக்குக் கேலி ஒரு பொருட்டல்ல. கையில் இருந்த குழந்தையின் எடைதான் அவரை வருத்தியது. தராசு பிடித்தவர் அல்லவா? டாக்டர் சொல்லாமலே தெரிந்திருக்கும்.

"எம்பேச்சைக் கேளு, சாப்பிடு தாயி" என்றார்.

"சாப்பிட்டு இவளுக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா அப்பா?"

"சாப்பிடாம ஆகிக்கிட்டிருக்கே."

"அத்தை தண்ணி வேண்டாம்னாங்க. அவங்க சொன்னதை மீறி..."

சம்பந்தியம்மாள் சொன்னதைப் பெண்ணைப் பெற்றவர் எப்படி மீறச் சொல்லுவார்? என் மாமியார் அந்த நேரம் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். அவரும் கலங்கித்தான் போயிருந்தார். ஆனால் சொன்ன சொல்லை எப்படித் திரும்ப எடுப்பது?

அப்போதுதான் காத்தாயி வந்தார். கோட்டுச்சேரிமேட்டிலிருந்து மீன் கூடையோடு தலத்தெருவுக்கு வருகிறவர் அவர். நான் பாவாடை கட்டிய காலத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு மீன் கொடுப்பவர். எப்போது வந்தாலும் கூடையை இறக்குவதற்கு முன்பே குரல் வந்துவிடும். அன்று சத்தமில்லாமல் வந்து, இரண்டு கையையும் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு கட்டிலின் கால்மாட்டில் நின்றார்.

"என்ன காத்தாயி, ஏன் அங்கேயே நிக்கறே? கிட்ட வந்து புள்ளையைப் பாரு" என்றார் அப்பா.

"எப்படிங்கய்யா வர்றது? புள்ளை பெத்தவளை வெறுங்கையாப் பாக்க வந்திருக்கேன். கூசுது."

"கையில ஒண்ணும் கொண்டு வரலியா? நீயா?"

"கொண்டு வராமலா? பால்சுறாவா பாத்து எடுத்து, புட்டு கிண்டி, மூடி எடுத்தாந்தேன். வாசல்ல நிக்கறானே அந்த ஆளு, புடுங்கி வச்சுக்கிட்டான். கேட்டா பலகையைக் காட்டறான். எழுதினவன் கையில..." என்று சொல்லிக்கொண்டே போனவர், எழுதியது யார் என்பது நினைவுக்கு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "சரி, வந்ததுக்கு ஒண்ணு சொல்லிட்டுப் போறேன். கத்தரிக்கா மட்டும் தின்னாத தங்கச்சி. புள்ளைக்குக் கரப்பான் புண்ணு வந்துடும்" என்றார்.

என் பட்டியலில் கத்தரிக்காயும் சேர்ந்தது.

அப்பா காத்தாயியையே பார்த்தார். அவர் முகம் மெல்ல மாறியது.

"காத்தாயி, ஒண்ணு கேக்கறேன், நெசத்தைச் சொல்லு. அந்தப் புட்டு உங்கையில இருந்திருந்தா இப்ப என்ன சொல்லியிருப்பே?"

"திங்கச் சொல்லியிருப்பேன். வேற என்னத்தைச் சொல்றது?"

"கத்தரிக்காய்?"

"கையில சுறா இருக்கறப்ப எனக்கு ஏங்கய்யா கத்தரிக்கா ஞாபகம் வருது?"

அப்பா சிரிக்க ஆரம்பித்தார். அவர் சிரிப்பு சின்னச் சிரிப்பு அல்ல என்பது உங்களுக்குத் தெரியும். குழந்தை பயந்து விழித்துக்கொண்டது. அம்மா ஓடிவந்தார். அப்பா சிரித்தபடியே என் மாமியாரைப் பார்த்து, "சம்பந்தியம்மா, எங்க சபை பண்ணின கூத்தைப் பாத்தீங்களா? வர்றவங்க கையில இருக்கறதையெல்லாம் வாசல்ல வாங்கி வச்சுக்கிட்டோம். புள்ளை பெத்த வீட்டுக்கு வெறுங்கையா வந்து பழக்கமில்லாத சனம். ஏதாச்சும் குடுத்துட்டுப் போகணுமில்ல? புத்திமதியைக் குடுத்துட்டுப் போறாங்க!" என்றார்.

அன்றைக்கே வாசலுக்குப் போய்ப் புட்டைத் தாமே வாங்கி வந்தார். ஆனால் நேரே என்னிடம் கொடுக்கவில்லை. டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினார். டாக்டர் முகர்ந்து பார்த்து, "இது ரொம்ப நல்லது. இதை ஏன் நிறுத்தி வச்சீங்க?" என்று அப்பாவையே கேட்டாராம். "ஒரு முட்டாள் பலகை எழுதிட்டான் முசே" என்றாராம் அப்பா.

இருவரும் அங்கேயே நின்று புது ஏற்பாடு ஒன்று செய்தார்கள். மறுநாள் முதல் பலகையில் வேறு எழுத்து. வெளிச் சாப்பாடு வரலாம். டாக்டரோ நர்ஸோ பார்த்து, இந்தக் கட்டிலுக்கு ஆகும் என்று சொன்ன பிறகு உள்ளே வரலாம். அதற்குக் கீழே அப்பாவின் சொந்த வரி: நோயாளியை ஒன்றைத் தின்னாதே என்று சொல்லுகிறவர், அதற்குப் பதிலாகத் தின்னக்கூடிய ஒன்றைத் தம் கையால் செய்து கொண்டுவர வேண்டும்.

எதற்கு எது பதில் என்பதை டாக்டர் சொல்லித் தந்தார். பருப்பு வேண்டாம் என்றால் மீன். முட்டை வேண்டாம் என்றால் உளுந்து. பழம் வேண்டாம் என்றால் பேரீச்சம்பழம். தண்ணீர் வேண்டாம் என்றால் கஞ்சி. அப்பா அதை மனப்பாடம் செய்துகொண்டு வார்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மண்டியை அண்ணன் பார்த்துக்கொண்டார்.

"வாங்க வாங்க! இன்னைக்கு எதை நிறுத்தப் போறீங்க?"

பக்கத்து வீட்டுச் சித்திதான் முதலில் அகப்பட்டார். "நான் என்னங்க நிறுத்தறது? பருப்பு கொஞ்சம் வாயு, அதான்..." என்று இழுத்தார்.

"நிறுத்துங்க, தாராளமா நிறுத்துங்க. பருப்புக்கு மீன். நாளைக்குக் காலையில உங்க வீட்டுல என்ன மீன்?"

அண்ணனும் அம்மாவும் வெட்கப்பட்டார்கள். "பாக்க வந்தவங்ககிட்ட இப்படியா கேப்பாங்க?" என்று அம்மா கடிந்துகொண்டார். ஆனால் யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. கோபிப்பதற்குப் பதில் போய்ச் சமைத்தார்கள். சித்தி வீட்டிலிருந்து காரப்பொடி மீன் குழம்பு வந்தது. பெரியம்மா முருங்கைக்கீரையை நெய்யில் வதக்கிக்கொண்டு வந்தார். கீரை வேண்டாம் என்று சொன்னது வேறொருவர். அதைப் பற்றி நான் மூச்சு விடவில்லை. மரைக்காயர் மாமி வெளியே அதிகம் வராதவர். அன்று மூடுவண்டியில் வந்து இறங்கினார். நோன்பு மாதத்தில் அவர் வீட்டில் காய்ச்சுகிற கறிக் கஞ்சியை எனக்காக வெந்தயமும் பூண்டும் கூடப் போட்டுக் காய்ச்சிக் கொண்டுவந்திருந்தார்.

"குடி புள்ளே. எங்க வீட்டுல அஞ்சு பேரு இதைக் குடிச்சுத்தான் பால் குடுத்தாளுவ. அல்லா உனக்கும் ஊற வைப்பான்" என்று சொல்லிவிட்டு, கிண்ணம் காலியாகும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்.

என் மாமியாரிடம் மட்டும் அப்பா எதுவும் கேட்கவில்லை. சம்பந்தியிடம் கேட்பது மரியாதை அல்ல என்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். மரைக்காயர் மாமி வந்துபோன மறுநாள், விடிந்தும் விடியாமலும் என் மாமியார் கோவில்பத்திலிருந்து வந்துவிட்டார். என் கணவர் சைக்கிளில் பின்னால் உட்காரவைத்து அழைத்து வந்திருந்தார். மடியில் துணி சுற்றிய சட்டி. உளுந்தங்கஞ்சி, கருப்பட்டி போட்டு, மேலே நல்லெண்ணெய் மிதந்தது.

"தண்ணி வேண்டாம்னுதானே நான் சொன்னேன்? கஞ்சி வேண்டாம்னு சொல்லலையே" என்று வாசல் நாற்காலியைப் பார்த்து உரக்கச் சொன்னார்.

"அதானே! சம்பந்தியம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார் அப்பா.

எனக்குப் பயம் போய்விட்டதா என்று நீங்கள் கேட்கலாம். போகவில்லை. ஆனால் நான் யார் சொன்னாலும் கேட்கிறவள். முன்பு எல்லாரும் வேண்டாம் என்றார்கள், கேட்டேன். இப்போது எல்லாரும் சாப்பிடு என்றார்கள், அதையும் கேட்டேன். எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும் பெரியவர்கள் கையிலிருந்து வந்ததை எப்படி மறுப்பது? ஒரு வேளைக்கு இருந்த ஒரு தட்டு நாலு கிண்ணமாகிவிட்டது. பால் ஊறியது. குழந்தை நடுவில் தூங்குவதை விட்டது. குடித்து முடித்தும் போதாமல் கத்தியது. சாதுவான குழந்தை என்று மெச்சியவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். டாக்டர் மறுபடியும் தராசில் வைத்துப் பார்த்தார். அப்பாவைக் கூப்பிட்டு முள்ளைக் காட்டினார்.

அப்பா தோள் துண்டை எடுத்து ஒரு உதறு உதறி மறுபடி போட்டுக்கொண்டார். மண்டியில் நல்ல நெல் வந்து இறங்கினால் அப்படிச் செய்வார் என்று அண்ணன் சொல்லுவார். நான் பார்த்தது அன்றுதான்.

பால் ஊறியது யாருடைய கஞ்சியால் என்பதில் என் மாமியாருக்கும் மரைக்காயர் மாமிக்கும் இன்று வரை வழக்கு தீரவில்லை. காத்தாயி இருவரையும் பேசவிட்டு, கடைசியில் "என் சுறாவை மறந்துட்டுப் பேசறீங்களே" என்பார்.

அந்த விதி என் கட்டிலோடு நிற்கவில்லை. ஆண்கள் வார்டில் சர்க்கரை வியாதிக்காரர் ஒருவரைப் பார்க்க வருகிறவர்களெல்லாம் "சோத்தைக் கொறைங்க" என்று சொல்லிச் சொல்லி அவர் துரும்பாகியிருந்தார். அப்பா அங்கேயும் நாற்காலியைப் போட்டார். கேழ்வரகு அடையும் சுண்டலும் வர ஆரம்பித்தன. உறவு யாரும் இல்லாத நோயாளிக்கு என்ன செய்வது என்று டாக்டர் கேட்டார். அப்பாவுக்கு அந்தக் கேள்வி புதிதல்ல. பக்கத்துக் கட்டிலுக்கு வருகிறவர்களிடம், "இவருக்கும் ஒரு வாய் நீங்கதான்" என்று ஒப்படைத்துவிடுவார். சபைத் தூக்கு எப்போதும்போல எல்லாருக்கும் வந்தது. அதற்கு மேல் ஒரு கிண்ணமும், கிண்ணத்தோடு எதிரில் உட்கார ஒரு ஆளும் கிடைத்தார்கள். மருந்துக்கு மேல் அதுதான் வேலை செய்கிறது என்று டாக்டர் புதுச்சேரியிலிருந்து வந்த பெரிய டாக்டரிடம் சொன்னதை நானே கேட்டேன்.

போன வருஷம் அப்பாவுக்கு நெஞ்சு வலி கண்டது. கால் வீங்கி வீட்டிலேயே படுத்துவிட்டார். உப்பு அடியோடு கூடாது என்றார் டாக்டர். சபை அடுப்பிலிருந்தே அப்பாவுக்கு உப்பில்லாத கஞ்சி வந்தது. ஒரு வாய் குடித்தார். அம்மாவைப் பார்த்தார்.

"இதையா இத்தனை வருஷம் ஊருக்குக் குடுத்தேன்? ஒருத்தரும் கல்லெறியலையே!"

பிழைத்து எழுந்தால் எல்லார் வீட்டுக்கும் போய் மன்னிப்புக் கேட்பதாகச் சொன்னார். பிறகு படுத்தபடியே சமையல்காரரை வரவழைத்தார். எலுமிச்சம்பழம் பிழியலாமா, சீரகம் வறுத்துப் பொடிக்கலாமா, கொத்தமல்லியும் இஞ்சியும் சேர்க்கலாமா என்று ஒவ்வொன்றாக டாக்டரிடம் கேட்டு, தினம் ஒரு விதமாகச் செய்யச் சொல்லி ருசி பார்த்தார். நாலாவது விதம் வந்ததும், "இப்ப பரவாயில்ல. இதைக் குடிச்சா மனுஷன் பொழைக்கணும்னு நெனப்பான்" என்றார். உப்பில்லாத கட்டில்களுக்கு இப்போது போகிற கஞ்சி அதுதான்.

அதற்குப் பிறகு அதிக நாள் இருக்கவில்லை. ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, என் மகளை மார்பில் போட்டுக்கொண்டு படுத்தார். குழந்தை தூங்கியது. அப்பாவும் தூங்குகிறார் என்றே நினைத்தோம். அவர் கஷ்டப்படவில்லை. அதை எழுதும்போது மட்டும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. என்றாலும் குறையும் தோன்றவில்லை.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். யாரையாவது விட்டுவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. அப்பாவின் கடைசி நாட்களில் வேளைக்கு வேளை வந்து பார்த்த டாக்டர் அவர்களுக்கும் நர்ஸம்மாக்களுக்கும், சபையை இப்போதும் நடத்திவரும் மரைக்காயர் மாமாவுக்கும், சபைச் சமையல்காரர்களுக்கும், பதினாறு நாளும் எங்கள் வீட்டில் அடுப்பெரிய விடாமல் சாப்பாடு அனுப்பிய தலத்தெரு வீடுகளுக்கும், எங்களைத் தாங்கிப் பிடித்த என் மாமியாருக்கும், கோட்டுச்சேரிமேட்டுக் காத்தாயி அக்காவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி என்றும் உண்டு. பெயர் விட்டுப்போனவர்கள் என்னை நேரில் திட்ட வேண்டுகிறேன்.

கடைசியாக ஒன்று. இதை இந்த மலரில் எழுதலாமா, கண்ணேறு பட்டுவிடுமா என்று பலமுறை யோசித்தேன். அம்மா எழுது என்றார். எனக்கு அடுத்த மாதம் மறுபடியும் பிரசவம். அதே ஆஸ்பத்திரி, அதே வார்டு. அப்பா இல்லாமல் எப்படி என்று இப்போதே பயம் பிடித்துக்கொண்டது. நான் பயந்துகொண்டுதான் வந்து படுப்பேன்; அது என் சுபாவம், மாறாது. ஆனால் இந்தத் தடவை நன்றாகப் பசிக்கும். பிள்ளை பெற்ற அன்றைக்கே பசிக்கும். அத்தை, மாமி, சித்தி, பெரியம்மா, காத்தாயி அக்கா, எல்லாரும் தயவு செய்து வந்து என் எதிரில் உட்காருங்கள்.